முத்திரிக் கிணறும் வீட்டுக் குடமும்

அய்யா உண்டு.



கரிசல் பூமியில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பசுவந்தனையைச் சுற்றிலும் கருமண். மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும். கோடை வந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் சோளமும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர்தான். ஆழக் கிணறு வெட்டினாலும் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உவர்த் தண்ணீரே ஊறும். அதனால்தான் முன்னோர்கள் குடிப்பதற்கென்று தனி ஊருணி வைத்தார்கள். அதில் கால் நனைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று கட்டுப்பாடும் வைத்தார்கள்.

பசு வந்து வணங்கிய ஊர் என்பதால் பசுவந்தனை என்று பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். வாயில்லா ஜீவன் வணங்கிய மண்ணில் வாழும் மக்கள், தங்கள் பிள்ளைகள் வாயில் வைக்கும் தண்ணீரை எப்படிப் போற்ற வேண்டும் என்பதை அய்யா வைகுண்டர் காட்டிய வழியில் நின்று எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

கிணற்றில் தொடங்கிய தர்மம்

அய்யா அவதரித்த காலத்தில் திருவிதாங்கூர் நாட்டில் எளிய சாதி மக்கள் பட்ட துன்பம் ஒன்றா இரண்டா? குடை பிடிக்கத் தடை, செருப்பு அணியத் தடை, மேலாடை உடுத்தத் தடை. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும் தடை இருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் சுமக்கும் பெண் குடத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதில்கூடக் கலி தன் அதிகாரத்தைக் காட்டியது. பொதுக் கிணற்றின் பக்கம் போகவே முடியாதவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர்.

1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி 20-ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டு வந்த அய்யா, சுவாமித்தோப்பில் தவம் இருந்தார். மக்களைத் தம்மிடம் சேர்த்தார். அங்கே எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்துக் குளிக்கவும் குடிக்கவும் வழி செய்தார். அதுவே முத்திரிக் கிணறு. இன்றும் சுவாமித்தோப்புக்குப் போகும் அன்புக்கொடி மக்கள் முதலில் அந்தக் கிணற்று நீரில் குளித்து, பதம் பருகி, அதன் பிறகே பதிக்குள் போகிறார்கள். அவரவர் வசதிக்கேற்ற கிணறு என்று அங்கே இல்லை. பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே நீர்.

அய்யா உண்ணும் பந்தியை மட்டும் சமமாக்கவில்லை. அதற்கும் முந்திய தண்ணீரைச் சமமாக்கினார். பசியை ஒரு நாள் பொறுக்கலாம், தாகத்தைப் பொறுக்க முடியாது. ஆகையால் தர்மம் தண்ணீரில் தொடங்கியது.

அடுத்ததாகத் துவையல் பந்தியை எண்ண வேண்டும். 700 குடும்பத்தாரை அய்யா வாகைப்பதிக்கு அனுப்பினார். அவர்கள் நாள்தோறும் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் ஒரு வேளை மட்டும் உண்டு தவம் இருந்தார்கள். மனத்தூய்மை பேசிய அய்யா உடல் தூய்மையை ஒதுக்கவில்லை. துணி துவைப்பதையே தவம் என்று ஆக்கினார். தவத்துக்கு வந்தவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளியவில்லை; குடும்பத்தோடு கூடி இருந்து, கையையும் உடலையும் உடையையும் கழுவினார்கள்.

அய்யா வைகுண்டம் சென்றது 1851-இல். அடுத்த மூன்றாம் ஆண்டு, 1854-இல், லண்டன் மாநகரில் காலரா கண்டது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே தெருவைச் சுற்றி மாண்டார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் வீடு வீடாக விசாரித்து, மாண்டவர்களில் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டார். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். முப்பது ஆண்டு கழித்து 1884-இல், ராபர்ட் கோக் என்ற அறிஞர் கொல்கத்தாவில் மக்கள் குளித்து, துவைத்து, அதையே குடித்தும் வந்த ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார்.

அதே காலத்தில் இந்த மண்ணில் வாந்திபேதி வந்தால் என்ன செய்தார்கள்? பேயின் கோபம் என்றார்கள். ஆடு வெட்டினார்கள், கோழி வெட்டினார்கள். பலி வேண்டாம், பேய்க்குப் பயப்பட வேண்டாம் என்று அய்யா தடுத்தார். அய்யா கிருமியைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. ஆனால் பலி கொடுக்கும் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கையைக் கழுவச் சொன்ன வழி அது. ஆட்டின் இரத்தத்தால் தீராத நோய், தண்ணீரின் தூய்மையால் தீர்ந்தது என்பதைப் பின்னால் உலகம் கண்டுகொண்டது.

பதம் கொடுக்கும் கை

கரிசல்காட்டு வீடுகளில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

பிள்ளைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. மருமகள் தண்ணீரைக் கொதிக்க வைக்க அடுப்பு மூட்டுகிறாள். மாமியார் சொல்கிறாள்: "ஏத்தா, அய்யா பதம் குடுத்தாச்சுல்ல? பெறகு எதுக்குத் தண்ணியக் காச்சுத? நம்பிக்கை வேணாமா?"

மருமகள் பணிவாகக் கேட்கிறாள்: "அத்தே, பதம் அய்யா குடுத்ததுதான். அந்தச் செம்பு நாம வச்சதுல்லா? அதக் கழுவி எத்தன நாளாச்சு?"

அந்த மருமகள் கேட்டதில் அவநம்பிக்கை எதுவும் இல்லை. நீரும் மண்ணும் தந்து நோய் தீர்த்தவர் அய்யா. அந்த நீரை இன்று ஏந்திக் கொடுப்பது மனிதக் கை. அந்தக் கை அழுக்காக இருந்தால், செம்பின் அடியில் பாசி படிந்திருந்தால், தொட்டியைத் திறந்து பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தால், அது மனிதனுடைய சோம்பல். தன் சோம்பலால் வந்த நோயை அய்யாவின் சோதனை என்று சொல்வது அய்யாவின் மேல் பழி போடுவதாகும். நம்பிக்கை உள்ளவன்தான் பாத்திரத்தைத் தேய்த்து வைப்பான். தாங்கலில் அய்யாவுக்குப் பணிவிடை செய்கிறவர் குளிக்காமல் உள்ளே போவதில்லையே! மக்களுக்குக் கொடுக்கும் நீருக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

பதம் கொடுப்பதும் மருந்து கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 1971-இல் வங்காளதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியது. திலீப் மகலனாபிஸ் என்ற வங்காள மருத்துவர், ஊசி வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், சுத்தமான தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதற்கு மேல் பெரிய வித்தை இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கான பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். பிள்ளை கண் சொருகி, நாக்கு வறண்டு, சிறுநீர் போகாமல் கிடந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். வயிற்றுப்போக்கு சிறு நோய் அல்ல. உலகில் ஐந்து வயதுக்குள் சாகும் பிள்ளைகளைக் கொண்டுபோகும் முதன்மைக் காரணங்களில் அதுவும் ஒன்று.

தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல

ஊருணித் தண்ணீர் கலங்கி இருந்தால் அந்தக் காலத்தில் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைத்து வைப்பார்கள். கலங்கல் அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். முன்னோர்களின் அறிவு அது. ஆனால் தெளிவு கண்ணுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத கிருமி அதில் முழுதும் சாவதில்லை. தெளிந்த நீரையும் காய்ச்ச வேண்டும். தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டு, மூடி வைத்து ஆற்ற வேண்டும்.

ஆனால் காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணக் கூடாது. உவர்ப்பும் ஃப்ளோரைடும் காய்ச்சுவதால் போவதில்லை. நீர் வற்ற வற்ற அவை இன்னும் கூடும். குடிநீரில் ஃப்ளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும்; நாள்பட்டால் எலும்பும் மூட்டும் பிடித்துக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கிற ஊரார் அதைச் சோதித்துப் பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு நீர் சோதிக்கும் ஆய்வகம் உண்டு. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த ஐந்து பேரில் அன்புக்கொடிப் பெண்கள் இருந்தால் அது அய்யாவுக்குப் பெருமை.

இப்போது கோவில்பட்டி முதலாகக் கரிசல் ஊர்கள் பலவற்றுக்குத் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. வந்துவிட்டது என்பதால் கவலை தீர்ந்துவிடவில்லை. தினமும் வராத குழாயில் தண்ணீர் நின்றதும் உள்ளே வெற்றிடம் உண்டாகும். குழாயில் கீறல் இருந்து, பக்கத்தில் சாக்கடை ஓடினால், அந்தச் சாக்கடையைக் குழாயே உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி தண்ணீர் விடும்போது முதலில் வருவது அதுதான். நீர் ஏறவில்லை என்று தெருவில் குழி தோண்டி, குழிக்குள் குழாயை இறக்கி வைக்கிறார்கள். மழை பெய்தால் அந்தக் குழி நிறைய அழுக்குத் தண்ணீர். அதற்குள் முங்கிக் கிடக்கும் குழாயில்தான் குடம் நிறைகிறது.

குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதைவிடக் கொடியது. மோட்டார் இழுக்கும் வேகத்தில் கீறல் வழியே சாக்கடையும் சேர்ந்து வரும். அதோடு தெருக்கோடி வீட்டுக் கிழவியின் குடம் காலியாகக் கிடக்கும். தன் தொட்டியை நிரப்பப் பிறர் தாகத்தைத் திருடுகிறவர் தாங்கலில் வந்து அன்னதர்மத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தால், அய்யா எதைக் கணக்கில் வைப்பார்?

மேல்மடையும் கீழ்மடையும்

கோவில்பட்டிக்குக் குழாயில் வரும் நீர் சீவலப்பேரியில் எடுக்கப்படுகிறது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் இடம் அது. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தைக் கடந்து, திருநெல்வேலி மாநகரைக் கடந்து, அதன் பிறகே சீவலப்பேரிக்கு வருகிறது. மாநகரத்தின் கழிவுநீர் ஆற்றில் கலப்பது பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்து, 2024-இல் நீதிபதிகளே நேரில் வந்து பார்வையிட்டார்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுப் போகிறவர்களால் படித்துறையில் துணி மூட்டை மூட்டையாகச் சேர்கிறது.

மேல்மடையில் ஒருவர் பாவம் போகட்டும் என்று விட்ட துணி, கீழ்மடையில் இன்னொருவர் பிள்ளையின் குடிநீரில் ஊறுகிறது. தன் பாவத்தைப் பிறர் குடத்தில் கரைப்பது என்ன பரிகாரம்? துவையல் பந்தியில் அய்யா துணியைத் துவைக்கச் சொன்னார்; ஆற்றில் எறியச் சொல்லவில்லை. ஆகவே அன்புக்கொடி மக்கள் எந்த ஆற்றுக்குப் போனாலும், எந்தப் பதியின் கிணற்றடிக்குப் போனாலும் துணியையும் சோப்பு உறையையும் நெகிழிப் பையையும் விட்டு வரக் கூடாது. முத்திரிக் கிணற்றடிக்கும் இது பொருந்தும். பக்தி செய்ய வந்த இடத்தில் குப்பையைக் காணிக்கையாக வைக்கக் கூடாது.

எல்லா ஊருக்கும் ஒரு மேல்மடை உண்டு, ஒரு கீழ்மடை உண்டு. திருநெல்வேலிக்குக் கீழ்மடை கோவில்பட்டி. அந்தக் கரிசல்காட்டுக்காரன் தன் ஊர் ஓடையில் கொட்டும் குப்பைக்கும், கண்மாய்க் கரையில் மலம் கழிக்கும் வழக்கத்துக்கும் கீழ்மடை பக்கத்து ஊர். மேலே இருப்பவனைக் குறை சொல்லும் வாய், கீழே இருப்பவனை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கலி கலந்த தண்ணீர்

அழுக்கால் கெடும் நீர் ஒன்று. பகையால் கெடும் நீர் இன்னொன்று.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டுத் தொட்டி மேல் ஏறிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. நாடே தலைகுனிந்தது. செய்தவர் யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் பிள்ளை குடிக்கும் நீரில் மலத்தைக் கலக்கும் மனத்துக்கு அய்யா வழியில் ஒரே பெயர்தான் உண்டு. அது கலி.

கலி வெளியே எங்கோ கொம்போடும் வாலோடும் நிற்கவில்லை. ஒரு தெருத் தொட்டியை மாதம் இருமுறை கழுவி, இன்னொரு தெருத் தொட்டியை வருடத்துக்கு ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காத ஊரிலும் கலி இருக்கிறது. ஒரு தெருவுக்குப் பெரிய குழாய், இன்னொரு தெருவுக்குச் சிறிய குழாய் என்று இருந்தால் அங்கும் இருக்கிறது. வேலைக்கு வந்தவருக்கு வீட்டுச் செம்பில் கொடுக்காமல் தனிக் குவளை தேடுகிற திண்ணையிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் குடத்தை இடுப்பில் வைக்கக்கூட உரிமை இல்லாதவர்களாக நின்ற முன்னோர்களின் பிள்ளைகள், இன்று வேறொருவர் குடத்தைத் தள்ளி வைத்தால், முத்திரிக் கிணற்றில் பருகிய பதம் அவர்கள் தொண்டைக்குள் இறங்கவே இல்லை என்றுதான் பொருள். ஐக்கிய நாடுகள் சபை 2010-இல்தான் பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று தீர்மானம் இயற்றியது. அய்யா அதை ஒரு கிணற்றால் முன்னமே சொல்லிவிட்டார்.

தொட்டி கழுவுவதும் பணிவிடையே

தாங்கல் உள்ள ஊரில் இதைச் செய்து காட்டலாம். தமிழ் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை தாங்கலைக் கழுவிச் சுத்தம் செய்யும்போது தண்ணீர்த் தொட்டியையும் காலி செய்து, பாசியைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு மூடி வேண்டும். பதச் செம்பில் கை படாமல் நீர் மொள்ள நீளக் காம்புள்ள கரண்டி வேண்டும். கார்த்திகையில் திருஏடு வாசிப்பு நடக்கும் 17 நாளும், திருநாள் காலங்களிலும், தவணைப்பாலும் உண்பான் சோறும் சமைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று பொறுப்பாக ஒருவர் பார்க்க வேண்டும். சமைப்பவரும் பரிமாறுபவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஊர் மேல்நிலைத் தொட்டியின் சுவரில் கழுவிய தேதி எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதவில்லை என்றால் ஊராட்சியில் கேட்க வேண்டும். குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்துக் குழாய் நீரில் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சி இருக்க வேண்டும் என்பது விதி. மருந்து வாடை அடிக்கிறது என்று அதைக் கீழே கொட்டிவிட்டு, வாடை இல்லாத அழுக்கு நீரைத் தேடிப் போகக் கூடாது. கிராமசபை கூடும் நாளில் தாங்கல் மக்கள் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, எல்லாத் தெருவுக்கும் ஒரே தண்ணீர் என்று கேட்க வேண்டும். தன் தெருவுக்கு முன்னால் அடுத்த தெருவுக்காகக் கேட்பதே அய்யாவழி மக்களுக்கு அழகு.

வீட்டில் குடத்தைத் தினமும் தேய்த்துக் கழுவி, மூடி வைத்து, உள்ளே கை விடாமல் மொள்ளட்டும். இவ்வளவுக்கும் பெரிய பணம் தேவையில்லை. துவையல் பந்தியில் இருந்த 700 குடும்பத்தாரிடம் பணம் இருந்ததா? கைகள் இருந்தன, கட்டுப்பாடு இருந்தது, அய்யா இருந்தார்.

அந்த மாமியாரும் மருமகளும் இப்போது என்ன செய்ய வேண்டும்? மாமியார் எழுந்து பதச் செம்பைப் புளி போட்டுத் துலக்கட்டும். மருமகள் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றட்டும். ஆறிய நீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து இருவரும் சேர்ந்து பிள்ளைக்குக் கொடுக்கட்டும். கொடுக்கும்போது "அய்யா உண்டு" என்று சொல்லட்டும். துலக்கிய செம்பிலும் அய்யா உண்டு. காய்ச்சிய தண்ணீரிலும் அய்யா உண்டு. எழுந்து உட்காரப்போகும் பிள்ளையின் சிரிப்பிலும் அய்யா உண்டு.

கரிசல் மண் எங்கும் நல்ல மழை பெய்து, ஊருணிகள் நிறைந்து, எல்லாத் தெருவின் குடங்களும் ஒரே தூய நீரால் நிறைய அய்யா அருள் புரிவாராக!

அய்யா உண்டு.